வீடு கொடுத்தால் போதுமா?

அனகாபுத்தூர் ஆற்றங்கரை முதல் பெரும்பாக்கம் அடுக்குமாடிகள் வரை: சென்னையின் தென்புறநகரில் அடிப்படை உரிமைகள் படும் பாடு

2025 மே மாதம். கோடை விடுமுறை முடியச் சில நாட்களே இருந்தன. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட அனகாபுத்தூரில், அடையாற்றின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. காயிதே மில்லத் நகர், சாந்தி நகர் என்று ஒவ்வொரு பகுதியாக வீடுகள் சரிந்தன. 500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. பெரும்பாக்கம், தைலாவரம், கீரப்பாக்கம் ஆகிய இடங்களில் அவர்களுக்கு அரசு அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன.

அனகாபுத்தூர் நெசவாளர்களின் ஊர். மெட்ராஸ் கைக்குட்டை என்று ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போன கட்டம்போட்ட துணி இங்கே தறிகளில் நெய்யப்பட்டது. பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை பக்கத்துத் தொழிற்கூடங்களிலும் கட்டட வேலைகளிலும் வீட்டு வேலைகளிலும் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பிழைத்துவந்தன. பலரிடம் ரேஷன் கார்டு இருந்தது, வாக்காளர் அட்டை இருந்தது, மின் இணைப்பு இருந்தது. நிலத்துக்குப் பட்டா மட்டும் இல்லை.

அரசின் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆற்றை மீட்க வேண்டும், வெள்ளத்திலிருந்து நகரைக் காக்க வேண்டும், நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, மாற்று வீடும் கொடுத்துவிட்டோம். இந்த நான்கில் ஒன்றையும் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் ஒரு குடிமகனுக்கு இந்திய அரசமைப்பு உறுதி தந்திருப்பது நான்கு சுவர்களையும் கூரையையும் மட்டும்தானா? அந்தச் சுவர்கள் எங்கே எழும்பும் என்பதில் அவருக்குக் குரல் கிடையாதா? கடந்த 25 ஆண்டுகளாகத் தென்சென்னைப் புறநகர் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறது.

சென்னையில் உரசிப் பார்க்கப்பட்ட உரிமைகள்

அரசமைப்பின் மூன்றாம் பாகம், 12 முதல் 35 வரையிலான பிரிவுகள், அடிப்படை உரிமைகளைச் சொல்கிறது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது 14-வது பிரிவு. சாதி, மதம், பால், பிறந்த இடம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்கிறது 15. தீண்டாமையை ஒழிக்கிறது 17. பேச்சு, கூடுகை, சங்கம், நடமாட்டம், நாட்டின் எப்பகுதியிலும் குடியிருத்தல், தொழில் ஆகிய சுதந்திரங்களைக் குடிமக்களுக்குத் தருகிறது 19. உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் பறிக்கக் கூடாது என்கிறது 21. இவை மீறப்பட்டால் நேரடியாக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் உரிமையைத் தருகிறது 32. அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் அதுவே என்று அம்பேத்கர் அரசமைப்பு நிர்ணய சபையில் குறிப்பிட்டது இந்தக் கடைசிப் பிரிவைத்தான்.

இந்த உரிமைகள் காகிதத்திலிருந்து இறங்கி நீதிமன்றத்தில் முதன்முதலாக உரசிப் பார்க்கப்பட்டபோது, பல வழக்குகளில் எதிர்வாதியாக நின்றது சென்னை மாநில அரசு. ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழைச் சென்னை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுத்த ஆணையை 1950-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி அரசாணை குறித்த செண்பகம் துரைராஜன் வழக்கு 1951-ல் முதல் அரசமைப்புத் திருத்தத்துக்கே வழிவகுத்தது. ஒரு சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அரசு அறிவித்ததை வி.ஜி. ராவ் வழக்கில் 1952-ல் நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது ஏ.கே. கோபாலன் வழக்கு. தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட அந்தக் கம்யூனிஸ்ட் தலைவர் சென்னை அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1950 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 21-வது பிரிவுக்கு மிகக் குறுகிய பொருளைக் கொடுத்தார்கள். சட்டமன்றம் இயற்றிய நடைமுறை ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்காது என்பதே அதன் சாரம். நீதிபதி பஸல் அலி மட்டும் மாறுபட்டார். அந்தக் கதவு திறக்க 28 ஆண்டுகள் ஆயின. மேனகா காந்தி வழக்கில் 1978 ஜனவரியில்தான், நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது.

அதற்குப் பிறகே நடைபாதைவாசிகள் நீதிமன்றத்துக்குள் நுழைய முடிந்தது. 1981-ல் பம்பாய் நடைபாதைகளில் வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்த மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தபோது, பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். 1985 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வின் சார்பில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்கு ஒப்பானது என்றது. வேலை இருக்கும் இடத்துக்கு அருகில்தான் ஏழை குடியிருக்க முடியும், அங்கிருந்து பெயர்த்தால் வேலை போகும், வேலை போனால் வாழ்வு போகும் என்ற தொடர்பை நீதிமன்றம் தெளிவாகக் கண்டது. நோட்டீஸ் கொடுக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் சொன்னது. அதே வேளையில், நடைபாதையை ஆக்கிரமித்து வாழும் உரிமை யாருக்கும் இல்லை என்று கூறி, மழைக்காலம் முடிந்தபின் வெளியேற்றலாம் என்று அனுமதித்தது.

சென்னையின் குடிசைவாசிகளுக்காகவும் அக்காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு போனது. தொடுத்தவர் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துரு. 1985-ல் அந்த வழக்கை முடித்துவைத்த நீதிமன்றம், குடிசை மக்கள் நலனில் தமிழ்நாடு அரசு காட்டிவந்த அக்கறை இனியும் தொடரும் என்று நம்பிக்கை தெரிவித்தது. அந்த நம்பிக்கைக்கு அன்று காரணமும் இருந்தது.

உறைந்துபோன பட்டியல்

1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு வெகு அருகிலேயே, நான்கு மாடிக் கட்டடம் எழுப்பி அதே மக்களைக் குடியமர்த்துவது அதன் தொடக்ககால வழக்கம். மயிலாப்பூர், மந்தைவெளி, நந்தனம் பகுதிகளில் கடற்கரைக்கும் ஆற்றுக்கும் அருகே இன்றும் அந்தக் கட்டடங்களைக் காணலாம். ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற முழக்கம் வாரியத்தின் அடையாளமாக இருந்தது.

1971-ல் வந்த தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் அந்தக் காலத்தில் முன்னோடியானது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் அங்கு குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. குடிநீர், கழிப்பறை, தெருவிளக்கு போன்ற வசதிகளைச் செய்துதரும் பொறுப்பும் அரசைச் சேரும். 1971-ல் சென்னையில் 1,202 பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன. 1985-ல் மேலும் 17 சேர்ந்தன. பிறகு சென்னைக்கான அந்தப் பட்டியல் வளரவே இல்லை.

அந்த ஆண்டுகளுக்குப் பிறகுதான் சென்னை தெற்கே விரிந்தது. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கங்களில் தொழிற்சாலைகளும், பிறகு மென்பொருள் நிறுவனங்களும், அவற்றைச் சுற்றி வீடுகளும் பெருகின. அங்கே கல் சுமக்கவும் சாலை போடவும் பாத்திரம் துலக்கவும் வந்தவர்களுக்கு வாடகை கட்டுபடியாகவில்லை. ஏரிக்கரை, ஆற்றங்கரை, ரயில் பாதையோரம் என்று கிடைத்த இடத்தில் குடியேறினார்கள். அவர்களுடைய தெருக்களைக் குடிசைப் பகுதியாக அறிவிக்காததால் 1971 சட்டம் தரும் பாதுகாப்பு அவர்களுக்கு எட்டவில்லை. சட்டப் புத்தகத்தில் உரிமை இருந்தது. அந்த உரிமைக்குள் நுழையும் வாசலை அரசு திறக்கவில்லை.

நகரத்தின் விளிம்புக்கு

2000 வாக்கில் போக்கு மாறியது. இருந்த இடத்தில் வீடு என்பது போய், நிலம் மலிவாகக் கிடைக்கும் தூரத்தில் பெருங்குடியிருப்பு என்றானது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஆரம்ப கால வீடுகள் ஒரு குடும்பம் காலை நீட்டிப் படுக்கவே திணறும் அளவுக்குச் சிறியவை. அடுத்து செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பலவும் இங்கே கொண்டுவரப்பட்டன. கடலை நம்பி வாழ்ந்தவர்கள் தங்கள் குப்பத்தை விட்டுப் பல மைல் தள்ளிப்போனார்கள். அதன்பின் பெரும்பாக்கம். எட்டு அடுக்குக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றும் 400 சதுர அடிக்குள்.

2015 டிசம்பர் வெள்ளம் இந்த இடப்பெயர்வை விரைவுபடுத்தியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை என அடையாற்றுக் கரையிலிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் கிரீம்ஸ் சாலைத் திடீர் நகர், தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகர் மக்களும் அந்த வழியே போனார்கள்.

அப்போது இவர்களுக்காகப் பேச வார்டு உறுப்பினர்கூடக் கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243யு பிரிவு. ஆனால் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் சென்னையையும் தாம்பரத்தையும் அதிகாரிகளே நடத்தினார்கள். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள் கொண்ட அந்த மாநகராட்சியின் முதல் மேயராக, பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில், வசந்தகுமாரி கமலக்கண்ணன் பொறுப்பேற்றார். அது பெருமைக்குரிய நாள். ஆனால் அதற்கு முன்பே ஏராளமான குடும்பங்களின் முகவரி மாறியிருந்தது.

தூரம் பறித்தவை

பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ போக 25 கிலோமீட்டர் அளவு பயணம். வரைபடத்தில் ஒரு விரல்கடை தூரம். அந்த மக்களின் வாழ்க்கையில் அது வேறு கணக்கு.

வீட்டு வேலை செய்யும் பெண் காலை ஆறரைக்கு ஒரு வீட்டில் இருக்க வேண்டும், எட்டரைக்கு அடுத்த வீட்டில், பத்தரைக்கு இன்னொன்றில். பக்கத்துத் தெருவில் குடியிருந்தவரை இடையில் ஓடிவந்து பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. 25 கிலோமீட்டர் தள்ளிப்போனதும் அந்த ஏற்பாடே உடைகிறது. விடியுமுன் பேருந்து ஏற வேண்டும், மூன்று வீட்டு வேலை ஒன்றாகக் குறையும். 2021-ல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பெண்களின் செலவைக் குறைத்தது. நேரத்தை அது திருப்பித் தராது. மீன் விற்றவருக்கும் பூக்கட்டியவருக்கும் இழப்பு இன்னும் பெரிது. அவர்களுடைய முதலீடே பல ஆண்டுகளாக முகம் தெரிந்த வாடிக்கையாளர்கள்தான். ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு 1985-ல் சொன்ன இழப்பு இதுவே. 19-வது பிரிவு தரும் தொழில் சுதந்திரமும் இங்கே அடிபடுகிறது. யாரும் தொழிலைத் தடைசெய்யவில்லை, ஆனால் தொழில் செய்யும் இடத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை.

அடுத்தது பள்ளி. 2002-ல் 86-வது திருத்தம் 21ஏ பிரிவைச் சேர்த்தது. 6 முதல் 14 வயதுவரை கல்வி அடிப்படை உரிமை. 2009-ல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்கு அருகில் பள்ளி என்பது அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. கல்வியாண்டின் நடுவில் குடும்பத்தைப் பெயர்க்கும்போது, பழைய பள்ளிக்குப் போய்வரப் பணமும் நேரமும் இல்லாமல், புதிய பள்ளியில் இடமும் பழக்கமும் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் படிப்பை விட்டிருக்கிறார்கள். முதலில் நிற்பது பெரிய பெண்பிள்ளையின் படிப்பு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருக்கிறது. வீட்டுவசதி மற்றும் நில உரிமைகளுக்கான அமைப்பு 2014-ல் டெல்லி, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களின் மறுகுடியமர்வுப் பகுதிகளை ஆய்வு செய்தபோது, சென்னையிலிருந்து எடுத்துக்கொண்டது கண்ணகி நகரை. வேலை, கல்வி, பாதுகாப்பு என்று மூன்று நகரங்களிலும் மக்கள் இழந்தவை ஒன்றுபோலவே இருந்தன.

மூன்றாவது, முகவரி. கண்ணகி நகர் என்று விண்ணப்பத்தில் எழுதினால் வேலை கிடைக்காது என்ற பேச்சு தென்சென்னையில் யார் காதுக்கும் புதிதல்ல. ஓர் ஊர்ப் பெயரே குற்றப் பட்டமாக ஒட்டிக்கொண்டால், அங்கே பிறந்த பிள்ளை எதைச் செய்து அதைக் கழுவும்? மனித மாண்பு 21-வது பிரிவின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. மாண்பை அரசு மட்டும் பறிப்பதில்லை. சந்தேகக் கண்ணோடு பார்க்கும் காவலரும், முகவரியைப் பார்த்து மனுவை ஒதுக்கும் மேலாளரும், வாடகை வீடு தர மறுப்பவரும் சேர்ந்தே பறிக்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியில் ஆடிய கார்த்திகாவைத் தமிழ்நாடு ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே கொண்டாடியது. மறைக்கச் சொல்லப்பட்ட முகவரியை அந்தப் பெண் தன் பெயருக்கு முன்னால் பெருமையோடு நிறுத்திக் காட்டினார். அவருடைய திறமை அவருடையது. அந்தப் பெருமையை உறுதிசெய்வது நம் கடமை.

நீர்நிலைக்கு ஒரு சட்டம், யாருக்கு எந்த அளவு?

ஆற்றின் பக்கத்து நியாயத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். 2015-ல் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் தெருக்களில் படகு ஓடியது. ஆற்றுக்கு அகலம் வேண்டும். நல்ல சுற்றுச்சூழலும் 21-வது பிரிவு தரும் உரிமையே. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு தொடர்பான வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநாட்டியது. குரோம் கலந்த நீரால் கிணறுகளை இழந்த பல்லாவரம், குரோம்பேட்டை மக்களுக்கு அந்த உரிமையின் அருமை தெரியும். ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களும் வெள்ளத்தில் முதலில் மூழ்குகிறவர்கள்தான். அவர்களும் பாதுகாப்பான வீட்டையே விரும்புகிறார்கள்.

ஆனால் 14-வது பிரிவின் சமத்துவம் நீர்நிலைக்கும் பொருந்த வேண்டும். சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகக் கடந்துபோகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அரசு நிறுவனங்களின் வளாகங்கள், குப்பைக் கிடங்கு, அகலச் சாலைகள், மென்பொருள் கட்டடங்கள் எல்லாம் எழுந்தன. 1960-களில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்த அந்தச் சதுப்பில் இன்று எஞ்சியிருப்பது சிறு பங்கே. 2022-ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சார் தலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும், ராம்சார் எல்லைக்குள் வருவதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு உரிய அனுமதிகள் கிடைத்திருந்தன. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு நீர்நிலையில் அனுமதிக் கடிதம் கிடைக்கிறது, இன்னொருவருக்கு வெளியேற்ற உத்தரவு கிடைக்கிறது. இந்த வேறுபாட்டை எந்தச் சூழலியலும் நியாயப்படுத்தாது.

இன்னொரு உண்மையும் உண்டு. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி மக்களைக் குடியேற்றிய செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் தாழ்நிலங்கள், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியவை. கனமழைதோறும் செம்மஞ்சேரித் தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கம் பகுதி தீவானது. ஆற்றங்கரையில் வெள்ளம் ஆபத்து என்றால் சதுப்போரத்தில் அது ஆபத்து இல்லையா?

தீர்ப்பும் அதன் விதிவிலக்கும்

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு ‘புல்டோசர் நீதி’க்கு எதிராக முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. குற்றஞ்சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவரின் வீட்டை இடிக்கக் கூடாது, குறைந்தது 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும், நேரில் விசாரிக்க வேண்டும், இடிப்பதை வீடியோ பதிவு செய்ய வேண்டும், மீறும் அதிகாரி தன் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டும் என்று நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. தலைக்கு மேல் கூரை என்பது 21-வது பிரிவின் பகுதி என்பது மீண்டும் உறுதியானது.

ஆனால் அந்தத் தீர்ப்பே ஒரு விதிவிலக்கையும் வைத்தது. சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு இந்த நெறிமுறைகள் பொருந்தா. சென்னையின் ஏழைகளில் பெரும்பகுதியினர் வாழ்வது அந்த இடங்களில்தான். எல்லாரையும் மூடிய குடை, மிகவும் நனைகிறவர் தலைக்கு மேல் வரும்போது மடங்கிவிட்டது. ஆனாலும் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. விதிவிலக்கு என்பது நோட்டீஸே வேண்டாம் என்பதற்கு உரிமம் ஆகாது. ஓல்கா டெல்லிஸ் இருவர் அல்ல, ஐந்து நீதிபதிகள் தந்த தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2022 மே மாதம், நீர்நிலை மீட்புக்கும் ஏழையின் வீட்டுக்கும் இடையிலான முரண்பாடு ஓர் உயிரைப் பறித்தது. ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவுப்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதன் பின்னரே அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே இடம் தருவது முடியும் என்று அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. ஒரு மனிதர் எரியாமலே அந்த அறிவிப்பு வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால்

வாய்வார்த்தையாகக் காலி செய்யச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த நீதிமன்ற உத்தரவு, எத்தனை நாள் அவகாசம் என்பவை அதில் இருக்க வேண்டும். பதிலையும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல் ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

கணக்கெடுப்புப் பட்டியல், நில அளவை வரைபடம், ஒதுக்கப்படும் வீட்டின் இடம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி கேட்கலாம். பொதுவான கெடு 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. உரிமை மீறப்பட்டால் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.

புதிய இடத்தில் பிள்ளையைச் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று பள்ளி மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடைசெய்கிறது.

வேறு வழி இருக்கிறது

தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 26-வது பிரிவு, வீட்டு உரிமையை நேரடியாக எழுதிவைத்திருக்கிறது. நீதிமன்றம் எல்லாச் சூழ்நிலைகளையும் பரிசீலித்து ஆணையிடாமல் யாருடைய வீட்டையும் இடிக்க முடியாது. 2000-ல் ஐரீன் க்ரூட்பூம் வழக்கில், கூரையே இல்லாதவர்களுக்கு உடனடி ஏற்பாடு செய்யாத வீட்டுத் திட்டம் நியாயமான திட்டமாகாது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. இந்தியா 1979-ல் ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உலக உடன்படிக்கைக்கு ஐ.நா. குழு 1991-ல் தந்த விளக்கவுரை, வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எட்டக்கூடிய இடத்தில் இருப்பதே போதுமான வீடு என்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒடிசா 2017-ல் குடிசைவாசிகளுக்கு அவர்கள் வாழும் நிலத்திலேயே உரிமை தரச் சட்டம் இயற்றியது. டெல்லியின் 2015 கொள்கை, இருந்த இடத்தில் முடியாவிட்டால் ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு என்பதைப் பொதுவிதியாக வைத்தது. குடிசை மாற்று வாரியத்தை 1970-லேயே கண்ட தமிழ்நாடு இவற்றுக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும். வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையும் வெளியானது. கொள்கை நல்லதுதான். ஆனால் அதிகாரி மீறினால் குடிமகன் நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்று கேட்கச் சட்டம் தேவை.

அந்தச் சட்டம் கடினமானதல்ல. 1971 சட்டப்படியான பட்டியலைத் திறந்து, தாம்பரம் மாநகராட்சி உட்பட அறிவிக்கப்படாத பகுதிகளை எல்லாம் கணக்கெடுத்துச் சேர்க்க வேண்டும். ஆற்றின் எல்லையைப் பணக்காரர், ஏழை, அரசு என்று பாராமல் ஒரே அளவுகோலால் அளந்து வரைபடத்தை மக்கள் முன் வைக்க வேண்டும். உண்மையிலேயே அகற்ற வேண்டிய வீடுகளுக்கு மாற்றிடத்தை முதலில் காட்ட வேண்டும், அதுவும் பக்கத்திலேயே. பள்ளி நடக்கும் மாதங்களிலும் மழைக்காலத்திலும் யாரையும் பெயர்க்கக் கூடாது. ஏற்கெனவே கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வாழ்கிறவர்களுக்குப் பேருந்து, ஓடும் லிஃப்ட், முழுநேர மருத்துவமனை, வீட்டின் விற்பனைப் பத்திரம் ஆகியவை உடனடியாகக் கிடைக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை இடம்பெயர்க்க அரசு வரும்போது மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வேண்டும்: எங்கே வீடு, அங்கிருந்து வேலைக்கு எவ்வளவு தூரம், பிள்ளைக்கு எந்தப் பள்ளி? இவற்றுக்கு விடை தராமல் கொடுக்கும் சாவி அரசமைப்பு வாக்களித்த உரிமை ஆகாது. தாம்பரத்தின் 70 மாமன்ற உறுப்பினர்களும் தங்கள் வார்டின் ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் இந்த மூன்று கேள்விகளோடு போகட்டும். சட்டமன்றம் இவற்றைச் சட்டத்தில் எழுதட்டும்.